மீனெண்ணெய் குடித்த கம்ப்யூட்டர்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், நீங்க என்ன படிச்சீங்க?" என்பதுதான். எட்டாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதி நடந்தபோது நான் ஒரு லாரியில் கிளீனராக நெல்லூருக்கும் சென்னைக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தேன். பிறகு டூரிங் டாக்கீஸில் படப்பெட்டி தூக்கினேன். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றினேன். ரேடியோ பழுது பார்த்தேன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். சோறு கிடைத்த நாள் உண்டு, டீயோடு போன நாளும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஒரு மாடிக் கடையில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டும் வேலை கிடைத்தது. பூட்டுவதை விட, விற்ற பெட்டிகள் ஊர் ஊராக மக்கர் பண்ணும்போது போய்ப் பார்ப்பதுதான் அதிக வேலை. என் காலுக்கு அது ஒத்துப்போனது.

அந்த நாட்களில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியதற்குக் காரணம் ஒரே ஒரு வைத்தியம். மெஷின் பாதியில் உறைந்து நிற்கிறதா? டிஸ்கை மொத்தமாக அழித்து, சிஸ்டத்தைப் புதிதாகப் போடு. பத்தில் எட்டு சரியாகிவிடும். திருவள்ளூரில் ஒரு பத்திரம் எழுதுபவரின் ஆபீசில் அப்படித்தான் செய்தேன். மெஷின் குதிரை மாதிரி ஓடியது. அவர் பல மாதம் தட்டி வைத்திருந்த பத்திரங்கள் ஒன்றுகூட இல்லை. மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தவர் நான் கிளம்பும் வரை எழுந்திருக்கவே இல்லை. கடைக்குத் திரும்பியதும் எங்கள் சீனியர் சொன்னார்: "மெஷினைப் பொழைக்க வச்சிட்ட. ஆளைச் சாகடிச்சிட்ட. இதுக்குப் பேரு ரிப்பேரா?" அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அது நடந்து ஒரு மாதத்துக்குள் என்னைப் பழவேற்காட்டுக்கு அனுப்பினார்கள்.

பொன்னேரியில் பஸ் மாறி, பழவேற்காட்டில் இறங்கி, அங்கிருந்து தோணியில் ஏரியைக் கடந்தால் ஒரு குப்பம். பெயர் வேண்டாம். அங்கே மீனவர் சங்கத்துக்கு ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்தது. எதற்கு என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. அதை இயக்க ஸ்டெல்லா என்ற பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். பழவேற்காட்டுக்காரி. இருபத்திரண்டு வயதிருக்கும், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். தினமும் காலையில் தோணியில் வந்து, சாயங்காலம் தோணியில் போவாள். தகப்பன் இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நான் போய் இறங்கியதும் சங்கக் கட்டிடத்தில் குப்பென்று மீன் வாசனை. மீனவர் குப்பத்தில் மீன் வாசனை அடிக்காமல் மல்லிகைப்பூவா மணக்கும் என்று நினைத்துக்கொண்டு பையைத் திறந்தேன். அந்த ஒரு நொடியில் நான் செய்த தப்பைப் பிறகு சொல்கிறேன்.

"எப்படி நிக்குது?" என்று கேட்டேன்.

"போட்டவுடனே நல்லா இருக்கும் சார். கால் மணி, அரை மணி கழிச்சி அப்படியே நின்னுடும். எந்த சாவியைத் தட்டினாலும் கேக்காது. அணைச்சிப் போட்டா சில நேரம் வரும், சில நேரம் டிஸ்க் எர்ரர்னு காட்டும்."

வோல்டேஜ் பார்த்தேன். ஏறி இறங்கியது, ஆனால் ஸ்டெபிலைசர் தாங்கியது. போட்டுப் பார்த்தேன். இருபது நிமிடம் ஓடி நின்றது. மறுபடி போட்டேன். பன்னிரண்டு நிமிடம். என் கை தானாகப் பையிலிருந்த சிஸ்டம் பிளாப்பியைத் தேடியது. ஸ்டெல்லா பார்த்துவிட்டாள். சட்டென்று டிரைவின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அது போட்டா உள்ள இருக்கிறது அழிஞ்சிடுமா சார்?"

"அழியும்."

"அப்ப வேணாம். பாடு லிஸ்ட் உள்ள இருக்கு."

பாடு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி வராது. நல்ல இடங்கள் சில உண்டு. அங்கே எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்திருப்பார்கள். அந்த முறைதான் பாடு. கல்யாணமான ஆண்களுக்கு மட்டும் அதில் பெயர் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை ஊர் கூடி, யார் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று லிஸ்டைப் படிப்பார்கள். பெயர் படிக்கும்போது "ஆமா" என்று சொல்லிவிட்டால் அடுத்த வருடம் வரை பேச்சில்லை. லிஸ்டில் குழப்பம் வந்தால் வலை அறுபடும், சில நேரம் மண்டையும் உடையும்.

அந்த வருடம் சங்கத் தலைவர் தேசப்பனுக்கு ஓர் ஆசை. சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரில் லிஸ்டை ஏற்றிவிட்டால் யாரும் திருத்த முடியாது என்று. ஸ்டெல்லா வீடு வீடாகப் போய், செத்தவர் யார், புதிதாகக் கல்யாணமானவர் யார், அண்ணனும் தம்பியும் எங்கே பிரிந்தார்கள் என்று கேட்டு எழுதினாள். 'பொம்பள கையில பாடா' என்று ஊரில் பாதிப் பேர் முறைத்தார்கள். அதையும் மீறித் தட்டினாள்.

"எழுதின பேப்பர் இருக்குமே?" என்றேன்.

"ஏரியில கரைச்சாச்சு."

"என்னது?"

"இங்க அப்படித்தான் சார். புது லிஸ்ட் ஆனதும் பழசைத் தண்ணியில கரைச்சிடுவாங்க. ரெண்டு லிஸ்ட் இருந்தா ரெண்டு நியாயம் வந்துடுமாம். நான் முழுசா தட்டி முடிச்சிட்டேன்னு சொன்ன அன்னைக்கே தலைவர் பேப்பரை வாங்கி, நாலு பேர் பார்க்கக் கரைச்சிட்டாரு."

"கூட்டம் எப்ப?"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு."

நம் தொழிலின் முதல் சட்டம், எதற்கும் ஒரு பிரதி வை என்பது. அந்த ஊரின் முதல் சட்டம், எதற்கும் பிரதி வைக்காதே என்பது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

வாசலில் நாலைந்து பேர் வலையைப் பிரித்துக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் குரல் கொடுத்தான். "இன்னா மெக்கானிக்கு, பொயைக்குமா? இல்ல பொணமா?"

"அந்தப் பொண்ணு இன்னாத்தயோ தட்டிக் கெடுத்துட்சிபா. நான் அப்பவே சொன்னேன்."

"நாளைக்கு லிஸ்டு வரலன்னா இன்னா பேஜாரு ஆவும் தெரியுமா? தலைவரு சொல்லிட்டாரு, இந்தப் பொண்ணு அப்பால தோணி ஏறிப் போய்க்கினே இருக்க வேண்டியதுதான்."

ஸ்டெல்லா காதில் விழாத மாதிரி விசைப்பலகையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மத்தியானம் வரை டிஸ்கைச் சோதித்தேன். டிஸ்கில் குறையில்லை. அவள் எனக்கு இறால் குழம்பும் சோறும் வாங்கி வந்தாள். நான் சாப்பிடும்போது ஒரு சாம்பல் பூனை உள்ளே வந்தது. என் தட்டுப் பக்கம் வரும் என்று காலை ஓங்கினேன். அது என்னையும் இறாலையும் சட்டை செய்யவில்லை. நேராக மேஜை மேல் ஏறி, கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் போய், அங்கிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக நக்க ஆரம்பித்தது.

"தினமும் வரும் சார். அதுக்கு மெஷின்னா உசுரு" என்றாள் ஸ்டெல்லா.

இறால் குழம்பை விட்டுவிட்டு ஒரு பூனை இரும்பை நக்குமா? கையைக் கழுவிவிட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் பழுப்பாக மினுமினுத்தது. தொட்டால் ஒட்டியது. விரலை முகர்ந்தேன். மீன் எண்ணெய். கார்டுகள் போய் உட்காரும் பள்ளங்களில் எல்லாம் அது வழிந்து, காய்ந்து, வார்னிஷ் மாதிரி படிந்திருந்தது. சூடேறினால் இளகும், தொடர்பு விட்டுப்போகும், மெஷின் நிற்கும்.

காலையில் வாசலில் கால் வைத்ததும் என் மூக்கு சொன்ன செய்தி அதுதான். ஊர் வாசனை என்று நானே அதை ஒதுக்கிவிட்டேன். அரை மணி கழித்து மூக்கு பழகிப்போனது, அப்புறம் அது எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளே, ஓர் இடத்துக்குப் போனால் முதல் ஐந்து நிமிடம் பையைத் திறக்காதீர்கள். கண்ணும் மூக்கும் புதிதாக இருப்பது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான்.

"யார் எண்ணெய் போட்டது?"

ஸ்டெல்லா வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எண்ணெய்னு வெளிய சொல்லாதீங்க சார். கரண்ட்டாலன்னு சொல்லிடுங்க."

"நீயா போட்ட?"

"இல்ல."

"பின்ன யாரு?"

அவள் பதில் சொல்லும் முன் ஆளே வந்துவிட்டார். தலைவர் தேசப்பன். ஒரு கையில் பழுப்பு நிற சீசா, இன்னொரு கையில் கோழி இறகு. வாசலில் இருந்தவர்களைத் தாண்டிக்கொண்டு சந்தோஷமாக உள்ளே வந்தார்.

"நாளைக்குப் பெரிய நாளு. மிஷினுக்கு ஒரு கை போட்டுட்டுப் போலாம்னு வந்தேன். உப்புக் காத்துபா இது. இரும்ப சும்மா வுட்டா ஆறே மாசத்துல தின்னுடும். நானு வாராவாரம் உள்ளாற வரைக்கும் தடவி வுட்றேன், ஒரு பொட்டு துரு இல்ல பாரு!"

உண்மைதான். ஒரு பொட்டுத் துரு இல்லை. அந்தக் கரையில் படகு எஞ்சின், கதவுக் கொண்டி, அரிவாள் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். அவர் அந்தப் பெட்டியைத் தன் எஞ்சினைப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஐந்து ஜோடிக் காதுகள். நான் அப்போது வாயைத் திறந்திருந்தால் ஸ்டெல்லா தப்பித்திருப்பாள், தலைவர் மானம் போயிருக்கும். மறுநாள் அவர் கூட்டத்தில் நிற்காவிட்டால் லிஸ்ட் படித்தும் பயனில்லை. கரண்ட் என்று சொன்னால் அவர் இன்னொரு கை தடவிவிட்டுப் போவார். "நைனா, கொஞ்சம் குந்துங்க" என்றேன். "மிஷின் சூடா இருக்கு. ஆறட்டும்."

வலைக்காரர்கள் எழுந்து போகும் வரை அவரிடம் எஞ்சினைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கார்டைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். "இந்த ஓரத்துல பித்தளை மாதிரி பட்டை பட்டையா இருக்குதே, அது வழியாத்தான் சேதி போகும். விரலால தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரலை முகர்ந்தார். சீசாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார்.

"நான்தானா?"

"ஆமா நைனா."

"எஞ்சினுக்கு நல்லாக் கீதே."

"எஞ்சினுக்கு நல்லது. இதுக்கு விஷம்."

அவர் ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "நான் போடறத நீ பாத்துக்கினே இருந்தியேமா. ஏன் சொல்லல?"

"எனக்கும் தெரியாது நைனா. நீங்க போடறதைப் பார்த்து, நல்லதுக்குத்தான்னு நெனச்சேன்."

சாயங்காலம் வரை மூவரும் உட்கார்ந்து துடைத்தோம். ஸ்பிரிட்டைத் தலைவரே தோணியில் பழவேற்காட்டுக்குப் போய் வாங்கி வந்தார். பென்சில் அழிக்கும் ரப்பரால் கார்டுகளின் பட்டையைத் தேய்த்தேன். பள்ளங்களுக்குள் முழுதாகக் கை போகாது. போன வரை துடைத்துப் பூட்டிப் போட்டேன். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. லிஸ்டும் திறந்தது, தொண்ணூற்றிரண்டு பெயர்.

"இதை இப்பவே ஒரு பிளாப்பியில எடுத்துக்கறேன் நைனா. நாளைக்கு உதவும்."

"இன்னொரு லிஸ்டா? கூடாது."

"மிஷின் மறுபடி நிக்கலாம். எண்ணெய் முழுசாப் போகல."

"நின்னா நிக்கட்டும். ஊருக்கு நான் சத்தியம் பண்ணிட்டேன், ஒண்ணே ஒண்ணுதான்னு. நானே அத மீறுனா நாளைக்கு எவன் கேப்பான்?"

என் சட்டைப் பையில் காலி பிளாப்பி இருந்தது. அவர் போன பிறகு ஒரு நிமிட வேலை. தொழில் எடு என்றது. எடுக்கவில்லை. அது சரியா தப்பா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நீங்கள் எடுத்திருப்பீர்கள். நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் புதிய தலைவலி. லிஸ்டை ஊர் கண் முன்னால் படிக்க வேண்டும், அதனால் மெஷினை வெளியே பந்தலுக்குக் கொண்டுவா என்றார்கள். அசைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். யார் கேட்பது? நான்கு பேர் சாமி தூக்குகிற மாதிரி மேஜையோடு தூக்கினார்கள். வழியில் கதவு நிலையில் ஓர் இடி. போட்டேன், வந்தது.

தலைவர் எழுந்தார். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிட்றேன். மிஷினக் கெடுத்தது இந்தப் பொண்ணு இல்ல. நான்தான். துரு புடிக்கக் கூடாதுன்னு மீனெண்ணெய் போட்டு வுட்டுட்டேன்."

பந்தலே சிரிப்பில் அதிர்ந்தது. "அதுக்குக் கொஞ்சம் மொளகாத்தூளும் தடவி இருந்தா வறுத்துத் தின்னிருக்கலாமே தலைவரே!" என்று எவனோ கத்தினான். அவரும் சிரித்தார். சிரித்த கூட்டம் சண்டை போடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டெல்லா நின்றுகொண்டே படித்தாள். பெயர், இடம், நாள். பெயருக்கு உரியவன் "ஆமா" என்பான், அடுத்த பெயர். திரையில் பச்சை எழுத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பெயர். பக்கம் முடிந்ததும் ஒரு சாவியைத் தட்டுவாள், எழுத்து மேலே ஓடி அடுத்த பக்கம் வரும். நான் அவள் பின்னால் நின்றேன். தலைவர் பக்கத்தில்.

மூன்றாவது பக்கம் முடிந்தது. சாவியைத் தட்டினாள். எழுத்து ஓடவில்லை. மறுபடி தட்டினாள். ஓடவில்லை.

அணைத்துப் போட்டால் ஐந்து நிமிடம் ஆகும். வரலாம், வராமலும் போகலாம். பாதி லிஸ்டில் நிறுத்தினால் படித்த பாதியும் செல்லாது. ஆனால் ஸ்டெல்லாவின் குரல் நிற்கவில்லை. நின்றுபோன திரையைப் பார்த்தபடியே அடுத்த பெயரைப் படித்தாள். "ஆமா" என்று கூட்டத்திலிருந்து பதில் வந்தது. அதற்கடுத்த பெயர். "ஆமா." இடமும் நாளும் பிசகவில்லை. அவள் விரல் மட்டும் பக்கத்துக்கு ஒரு முறை செத்த சாவியைத் தட்டிக்கொண்டிருந்தது.

முன் வரிசையில் ஒருவன் எழுந்தான். "இன்னாபா, எயுத்து அப்படியே நின்னுக்கினு கீது? முன்னல்லாம் ஓடிச்சே?"

திரையில் இருந்தது ஆங்கில எழுத்து; எங்கள் இருவரைத் தவிர அந்தப் பந்தலில் யாருக்கும் அது தெரியாது. தலைவருக்கும் தெரியாது. ஆனால் ஓடுவது எது, நிற்பது எது என்று அவருக்குத் தெரியும். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் மெல்ல இரண்டடி நகர்ந்து திரைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

"குந்துடா. எயுத்துப் பாக்கவா வந்த? உன் பேரு வந்தா ஆமா சொல்லு."

தொண்ணூற்றிரண்டாவது பெயருக்கும் "ஆமா" வந்தது. கூட்டம் சோடா குடிக்கக் கலைந்தது.

மெஷினை உள்ளே எடுத்துப் போய் ஆற வைத்துப் போட்டேன். மூன்றாம் முறையில் வந்தது. தலைவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் திரையிலிருந்து படிக்க, ஸ்டெல்லா தான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். ஒரே ஓர் இடத்தில் அண்ணன் பெயரையும் தம்பி பெயரையும் மாற்றிச் சொல்லியிருந்தாள். இருவரும் ஒரே வலையில் போகிறவர்கள். அவர்களுக்கே தெரியவில்லை.

"எந்தப் பேருல நின்னுச்சு?" என்று தலைவர் கேட்டார்.

"அம்பத்தி நாலாவது பேர்ல."

"அப்பால?"

"அப்பால நான்தான் நைனா." அவள் குரல் இப்போதுதான் நடுங்கியது. "ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் தட்டினது போயிடும். திரும்ப முதல்லருந்து தட்டுவேன். பதினோரு தடவை தட்டினேன். அது பாட்டுக்கு மனசுல தங்கிடுச்சு. வேணும்னு பண்ணல."

ரெண்டு லிஸ்ட் கூடாது என்று சத்தியம் செய்தவர் எதிரில் இரண்டாவது லிஸ்ட் உட்கார்ந்திருந்தது. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ஸ்டெல்லா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், போகச் சொன்னால் உடனே எழுவதற்குத் தயாராக.

"உனுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது நைனா."

"அப்போ நாளைலருந்து தோணில ஓரத்துல குந்தாத. நடுவுல குந்து."